ஜெபகனி டீச்சரின் நான்காவது மனு

ஆம்பூரை ஒட்டிய ஒரு தெருவில் ஜெபகனி டீச்சர் இருபது வருடம் இரண்டாம் வகுப்பு எடுத்தவர். தோல் பதனிடும் டேனரிகளின் கழிவு இறங்கி, தெருக்கிணற்றுத் தண்ணீர் மருதாணியையே தோற்கடிக்கும் நிறத்துக்கு வந்தது 1996இல். குடிதண்ணீர் கேட்டு தாலுகா ஆபீசுக்கு மூன்று மனு போட்டார், பதிலே இல்லை. நான்காவதில் இப்படி எழுதினார்: “கிணற்று நீரே எங்களைப் பாதி பதனிட்டுவிட்டது. மீதியையும் முடித்து, எங்கள் தோலைச் செருப்புக்கு ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். குழந்தைகளின் தோல் மிருதுவாக இருக்கும்.”

மறுவாரமே அதிகாரி கூப்பிட்டுவிட்டார்.

“இன்னாம்மா இது, மனுசத் தோலா? படிக்கவே குலை நடுங்குது!”

“தண்ணி கேட்டப்போ நடுங்கலியே சார்?”

வியாழக்கிழமை தண்ணீர் லாரி வந்தது.

“டீச்சர், நம்ம தோலு தப்பிச்சுது!” என்று குடத்தோடு சிரித்தாள் பக்கத்து வீட்டுக் கமலம்.

“லாரி வர்றது நின்னா சொல்லு. எலும்பு இன்னும் பாக்கி இருக்கு,” என்றார் ஜெபகனி.