மாமி பொத்திய வலை

ஊர் திரும்பும் பஸ் ஓமந்தையைத் தாண்டிவிட்டது. எனக்கு இன்னும் இருப்புக் கொள்ளவில்லை.

இன்று கொழும்பில் பெரிய அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் எல்லோருக்குமான ஓவிய நிகழ்ச்சி. முல்லைத்தீவிலிருந்து மாமியையும் கூட்டிப்போயிருந்தேன்.

ஒரு பூவை வரைந்துவிட்டு நிமிர்கிறேன், மரத்தில் தொங்கிய கிழிந்த மீன்வலையை மாமி கிழிசல் தெரியாமல் பொத்தி முடித்திருந்தார். அவருடைய கைப்பையில் செபமாலையோடு வலை ஊசியும் நூலும் எப்போதும் இருக்கும்.

காவலாளி ஓடிவந்தார். அந்தக் கிழிசல்தான் கலைப்படைப்பாம்.

"கிழிஞ்ச வலையைப் பாத்துக்கொண்டு சும்மா இருக்கேலுமே?" என்றார் மாமி.

சற்றுமுன் அருங்காட்சியகத்திலிருந்து போனில் அழைத்தார்கள். வலையை முன்புபோலக் கிழித்துத் தர மாமி வருவாரா என்று கேட்டார்கள்.

மாமியிடம் சொன்னேன்.

"கிழிக்கிறதெண்டால், கடலில எங்கட வலையளைக் கிழிக்கிற றோலர் படகுக்காரரைக் கூப்பிடச் சொல்லு."

இதை மரியாதையாக எப்படி எழுதி அனுப்புவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.