துரைக்கண்ணு வீட்டு டிவிப் பெட்டி

துரைக்கண்ணுவுக்கு ஐம்பது வயது ஆகப்போகிறது. இத்தனை வருடத்தில் நீ செய்த காரியம் ஒன்றைச் சொல் என்று கேட்டால், தன் வீட்டில் டிவி இருந்ததைத்தான் சொல்வார். அதையும் அவர் வாங்கவில்லை. அவருடைய அப்பா, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையை விற்று வாங்கினார்.

எங்கள் ஊர் திண்டிவனத்திலிருந்து ஓமந்தூர் போகும் வழியில் இருக்கிறது. டிவி வந்தது 1987இல். மரப்பெட்டி, இரண்டு பக்கமும் இழுத்துச் சாத்துகிற கதவு, கறுப்பு வெள்ளைப் படம். அப்போது துரைக்கண்ணுவுக்குப் பதினோரு வயது. அந்த வயதிலேயே அவர் நின்றுவிட்டார் என்று தோன்றுகிறது. உடம்பு மட்டும் பெருத்திருக்கிறது.

ஊர்க்காரர்களை எல்லாம் சேர்த்து போனில் ஒரு குழு வைத்திருக்கிறார். காலை ஆறு மணிக்கு அவர் குரல் வந்துவிடும். என் அண்ணன் சவுரிராயனையும் அதில் சேர்த்திருக்கிறார். அண்ணன் ஷேர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே அதைக் கேட்பான். எனக்கும் கேட்கும்.

"காலை வணக்கம் நட்பூக்களே. ஞாயித்துக்கெழம சாயந்திரம் எங்க வீட்டுக் கூடத்துல ஊரே உக்காந்துக்கினு இருக்கும். ஜாதி கெடையாது, மதம் கெடையாது. எல்லாரும் ஒண்ணா படம் பாத்தோம். இப்ப ஆளுக்கு ஒரு போன வச்சிக்கினு தனித்தனியா கெடக்குறானுங்க. அந்த நாளு திரும்ப வருமா?"

இதைத் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக உட்கார்ந்து, போனில்தான் பேசுகிறார்.

எல்லாரும் ஒன்றாகத்தான் பார்த்தோம். ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும். நாற்காலியில் அவருடைய சொந்தக்காரர்கள். கூடத்துத் தரையில் ஊர்த்தெருக்காரர்கள். காலனிப் பிள்ளைகளான நாங்கள் ஜன்னலுக்கு வெளியே. அதுவும் சும்மா இல்லை. விதைக்கு வைத்த மல்லாட்டையை முறத்தில் கொட்டி எங்கள் முன்னால் வைத்துவிடுவார்கள். கையால் உரிக்க வேண்டும், பருப்பு உடையக்கூடாது. மற்ற நாளில் உரிக்க விட்டால் பாதி வாய்க்குள் போய்விடும் என்று அவர் அப்பாவுக்குக் கவலை. படம் ஓடும்போது எங்கள் வாய் திறந்தபடியே இருக்கும், ஆனால் ஒரு பருப்பும் உள்ளே போகாது. இதைப் பெரியவர் முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார். கெட்டிக்கார மனிதர். மகனுக்கு அதில் எதுவும் வரவில்லை.

நானாவது ஜன்னல் கம்பி வழியாக, நாலு தலைகளுக்கு நடுவில், கொஞ்சம் பார்த்தேன். என் அண்ணன் ஒன்றுமே பார்க்கவில்லை. அவன் மாடியில் இருந்தான்.

படம் சென்னையிலிருந்து வர வேண்டும். மாடிப்படி அறையின் கூரைமேல் நீளக் குழாய் நட்டு, அதன் உச்சியில் ஆண்டெனா கட்டியிருந்தார்கள். காற்று அடித்தால் திரும்பிவிடும். காக்கை உட்கார்ந்தாலும் திரும்பிவிடும். அதைச் சரியாகப் பிடித்துத் திருப்ப ஓர் ஆள் வேண்டும். அண்ணனுக்குப் பதின்மூன்று வயது, மரம் ஏறுவான். அவனை மேலே அனுப்பினார்கள். கீழேயிருந்து துரைக்கண்ணு கத்துவார். "இன்னும் கொஞ்சம்! இன்னும்! ஐயோ, போயிடுச்சுடா, திருப்பு!" அண்ணன் மேலேயிருந்து, "தெரியுதா? தெரியுதா?" என்பான். அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை படம் முழுக்க அவனுக்கு இந்த இரண்டு குரலும்தான்.

அந்த ஐப்பசியில் ஒரு ஞாயிறு, மழை தூறிக்கொண்டிருந்தது. பாதிப் படத்தில் படம் நின்று, திரையில் எழுத்து வந்தது. 'தடங்கலுக்கு வருந்துகிறோம்.' நிலையத்தில் கோளாறு என்று அர்த்தம். ஆண்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது மாறாது. துரைக்கண்ணுவின் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. "எழுத்தா வருதே, படம் வரலியே. அவன வடக்கால திருப்பச் சொல்லு" என்றார்.

துரைக்கண்ணு திண்டிவனத்தில் பெரிய பள்ளிக்கூடத்தில் ஆறாவது படித்துக்கொண்டிருந்தார். அவர் அந்த எழுத்தைப் படித்தார். பக்கத்தில் இருந்த மாமன் மகன் காதில் சொன்னார். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு வாசலுக்கு ஓடிவந்து, "வடக்கால திருப்புடா! இன்னும் மேல தூக்கு!" என்று கத்தினார்.

மழை வலுத்தது. அண்ணன் அரை மணி நேரம் திருப்பினான். குழாயைத் தூக்கிப் பிடிக்கப் போய்க் கால் வழுக்கி, கூரையிலிருந்து மாடித் தளத்தில் விழுந்தான். வலது முழங்கை உடம்புக்குக் கீழே மாட்டிக்கொண்டது.

நானும் அந்த எழுத்தைப் படித்தேன். நாலாவது படித்த எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். ஜன்னலிலிருந்து உள்ளே பேசக்கூடாது என்பது எங்களுக்குச் சொல்லி வைத்த சட்டம். எனக்கு அந்தச் சட்டமே வேண்டியதில்லை, யாரிடமும் வாய் திறக்கமாட்டேன். மல்லாட்டையை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கட்டுப் போடுகிறவர் கட்டினார், எலும்பு கோணலாகக் கூடியது. இருபது வயதில் விழுப்புரத்தில் போலீஸ் ஆள் எடுப்புக்கு அண்ணன் போனான். ஓட்டத்தில் முதல் பத்துக்குள் வந்தான். கையை நீட்டச் சொன்னார்கள். நீட்டினான். அதற்குமேல் நீளவில்லை. வெளியே அனுப்பிவிட்டார்கள். "என் தப்புதான், மழையில ஜல்தி பண்ணிட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வான். நான் எட்டாவதோடு நின்று, திண்டிவனத்தில் மல்லாட்டை தரம் பிரிக்கும் வேலைக்குப் போய்விட்டிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

துரைக்கண்ணுவை எந்த வேலையும் இப்படி வெளியே அனுப்பவில்லை. அவரேதான் ஒவ்வொன்றிலிருந்தும் எழுந்து வந்தார். வீடியோ டெக் வாடகைக்கு விட்டார், கேசட்டைத் தானே உட்கார்ந்து பார்த்தார். திண்டிவனத்தில் டிவிக் கடை வைத்தார், வந்தவரிடம் புது டிவி எல்லாம் குப்பை, பழசு மாதிரி வராது என்று சொல்லி அனுப்பினார். கேபிள் இழுத்தார், மழைக்கு வயர் அறுந்தால் மறுவாரம்தான் போனார். இப்போது நிலம் குத்தகையில். அவர் மனைவி தையல்நாயகி மாடு பார்க்கிறாள், பால் கறக்கிறாள், குத்தகைக்காரனோடு சண்டை போடுகிறாள். அவர் பழைய டிவியைத் துணியால் துடைக்கிறார். அந்த டிவி ஓடிப் பல வருடம் ஆகிறது.

போன தை மாதம், விழுப்புரத்திலிருந்து யூடியூப் சேனல் ஒன்று அந்தப் பெட்டியைப் படம் எடுக்க வருவதாகக் குழுவில் அறிவித்தார். அன்றே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். அண்ணன் ஆட்டோவிலிருந்து இறங்கவில்லை.

"சவுரி, நீ கட்டாயம் வரணும்பா. ஆண்டெனா சவுரி இல்லாம டிவி ஏது? பழைய ஆண்டெனாவ எறக்கி வச்சிருக்கேன். நீ புடிச்சிக்கினு நிக்கிற மாதிரி ஒரு ஷாட்டு. தங்கச்சியையும் இட்டுக்கினு வா."

"சவாரி இருக்குங்களே." அண்ணன் அவரை அய்யா என்றும் சொல்லமாட்டான், அண்ணே என்றும் சொல்லமாட்டான். ஒரு 'ங்க'வோடு நிறுத்திக்கொள்வான்.

"ஒரு மணி நேரம்பா. உன் மூஞ்சி ஊரெல்லாம் தெரியும்."

அவர் போனபிறகு அண்ணன் சிரித்தான். "அன்னிக்குத்தான் படம் பாக்க உடல, இன்னிக்கிப் படத்துலயே போடறாராம். போயிட்டுதான் வருவமே."

துரைக்கண்ணுவுக்கு வாயில் எதுவும் தங்காது. அந்த எழுத்தைப் பற்றி உளறிவிடுவார் என்று தெரியும். அண்ணனைப் போகாதே என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். காரணம் சொன்னால் அதையே சொன்னதாகிவிடும். கூடப் போனேன்.

சேனலிலிருந்து கலைப்பிரியா என்ற பெண் வந்திருந்தாள். கேமரா பிடிக்க ரஞ்சித் என்று ஒருவன். துரைக்கண்ணு பட்டு வேட்டியில் டிவிக்குப் பக்கத்தில் நின்றார். டிவிக்குப் பூ வைத்து, பொட்டும் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "அருணா, நீ அந்த ஜன்னலாண்ட போய் நில்லு. அப்ப நின்ன மாதிரியே. ஒரிஜினலா இருக்கும்" என்றார்.

தையல்நாயகி டீ எடுத்து வந்தவள் அதைக் கேட்டாள். "ஒரிஜினல்னா முறத்தையும் குடுங்க. விதமல்லாட்ட ஒரு மூட்ட கெடக்குது" என்றாள். துரைக்கண்ணுவுக்கு அது கேலி என்று புரியவில்லை. "நல்ல ஐடியா" என்றார். முறம் வந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். அண்ணன் துருப்பிடித்த ஆண்டெனாக் குழாயை இடது கையால் பிடித்துக்கொண்டு கூடத்து வாசலில் நின்றான்.

"சொல்லுங்க அண்ணா, அந்தக் காலத்து டிவின்னாலே உங்க மனசுக்கு வர்ற ஒரு விஷயம்?" என்று கலைப்பிரியா கேட்டாள்.

"போர்டும்மா! தடங்கலுக்கு வருந்துகிறோம்னு ஒரு போர்டு போடுவான் பாரு, அதுல ஒரு தமாசு கேளு." துரைக்கண்ணு தொடையைத் தட்டினார். "எங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. போர்டு வந்துடுச்சு. ஸ்டேசன்ல கோளாறு, நாம ஒண்ணும் பண்ண முடியாது. எனக்குத் தெரியும். ஆனா நான் சொல்லவே இல்லியே! சவுரி மேல மழையில நின்னுக்கினு திருப்பறான், திருப்பறான். 'தெரியுதா, தெரியுதா'ங்கறான். நாங்க கீழ சிரிச்சி சிரிச்சி வயிறு வலி. அதெல்லாம் இப்ப பசங்களுக்குக் கெடைக்குமாம்மா?"

கலைப்பிரியா சிரித்தாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

அண்ணன் கேட்டான். "அது எந்த வாரம்?"

"நீ வுழுந்தியேப்பா, அந்த வாரந்தான்."

சொன்ன பிறகும் அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. என்ன சொன்னோம் என்றே அவருக்குத் தெரியவில்லை.

"படம் வராதுன்னு தெரிஞ்சேவா திருப்பச் சொன்னீங்க?"

"சின்னப் பசங்க வெளையாட்டுப்பா அது. நமக்கு இன்னா வயசு அப்ப?"

"எனக்குப் பதிமூணு" என்றான் அண்ணன்.

ரஞ்சித், "அத கட் பண்ணிக்கலாம் சார்" என்றான். துரைக்கண்ணு நிம்மதியாக, "ஆமாம்பா, கட் பண்ணிடு. சவுரி, குழாய கொஞ்சம் நேரா தூக்கிப் புடி, மறுபடி எடுக்கலாம்" என்றார்.

அண்ணன் தன் வலது கையை நீட்டிக் காட்டினான். முழங்கைக்குக் கீழே அது வெளிப்பக்கமாகக் கோணி நின்றது. "இவ்ளோதாங்க நேரா வரும்" என்றான். குழாயைச் சுவரில் சாய்த்து வைத்தான், கீழே போடக்கூட இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு போனான். நான் முறத்தை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

உள்ளே தையல்நாயகி குரல் கேட்டது. "இதத்தான் தெனம் காலைல எழுந்து ஊருக்குச் சொல்லிக்கினு இருந்தியா?"

"இன்னா இப்ப? ஒரு பழைய கதையச் சொன்னா இவ்ளோ பேஜாரா?" என்றார் துரைக்கண்ணு.

ஆட்டோவை ஓமந்தூர் சாலையில் ஓரமாக நிறுத்தினான் அண்ணன். திரும்பிப் பார்க்காமல் கேட்டான்.

"நீ ஜன்னலாண்டதான இருந்த. படிச்சியா?"

"படிச்சேன்."

"இந்த முப்பத்தெட்டு வருசத்துல ஒரு நாள்கூடச் சொல்லத் தோணலியா?"

துரைக்கண்ணுவைப் பற்றி இவ்வளவு எழுதுகிறவள் இதையும் எழுதத்தான் வேண்டும். அவர் சிரித்தார், நான் உரித்தேன். முறத்தில் ஒரு பருப்பு உடையவில்லை.

அண்ணன் என்னோடு எட்டு நாள் பேசவில்லை. ஒன்பதாம் நாள் திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே, நான் வேலைக்குப் போகிற வழியில், ஆட்டோவை நிறுத்திக் கூப்பிட்டான். கையில் போன். வீடியோ வந்துவிட்டிருந்தது. பூ வைத்த டிவி, பட்டு வேட்டி, "ஜாதி கெடையாது, மதம் கெடையாது" எல்லாம் இருந்தது. ஜன்னலில் நானும் ஒரு நிமிடம் முறத்தோடு இருந்தேன். பின்னால் வீணை வாசித்தார்கள். கீழே நூற்றுக்கணக்கானவர்கள் இதயம் போட்டிருந்தார்கள். துரைக்கண்ணு ஒவ்வொருவருக்கும் கும்பிடு போட்டிருந்தார்.

"இரு, இனிமேதான் வருது" என்றான் அண்ணன்.

துரைக்கண்ணு "போர்டும்மா!" என்று தொடையைத் தட்டினார். அடுத்து அவர் சொன்ன தமாசும் அண்ணன் கேட்ட கேள்வியும் வரவேண்டும். எதுவும் வரவில்லை. வெட்டிய இடத்தில் அந்தச் சேனல்காரர்கள் வேடிக்கைக்காகப் பழைய எழுத்தையே போட்டிருந்தார்கள். கறுப்புத் திரை, கொய்யென்ற சத்தம். 'தடங்கலுக்கு வருந்துகிறோம்.' மூன்று எண்ணுவதற்குள் போய்விட்டது. பிறகு துரைக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த நாளு வராதும்மா" என்றார்.

அண்ணன் பின்னால் தள்ளி, அந்த இடத்தில் நிறுத்தினான். வலது கையால் போனை நேராகப் பிடிக்க முடியாமல் இடது கைக்கு மாற்றிக்கொண்டான்.

"நான் அத இப்பத்தான் முதல்முறையா பாக்கறேன்" என்றான். "படி."

படித்தேன்.

"வருந்துகிறோம்னா யாரு?"

"டிவிக்காரங்க."

"வேற யாரும் இல்லியா?"

"நானும்தான்" என்றேன்.

ஓமந்தூருக்கு இரண்டு பெண்கள் கூடையோடு வந்து ஏறினார்கள். அண்ணன் துரைக்கண்ணுவின் குழுவிலிருந்து தன் பெயரை எடுத்துவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டான்.

"சாயந்திரம் இங்கியே நில்லு. இட்டுக்கினு போறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.