சிவரூபியின் பற்றரிக் கணக்கு

கண்டாவளையில் என் சின்னம்மாவின் மகள் சிவரூபியைப் போல ஓர் அடம்பிடிக்கிறவளை நான் கண்டதில்லை. போரின் கடைசிச் சண்டையில் முதுகில் ஷெல் குண்டின் துண்டு பட்டபோது அவளுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து அவளால் நடக்க முடியாது; எங்கே போனாலும் யாராவது தூக்கி ஏற்றுவோம், தூக்கி இறக்குவோம். பழைய மோட்டார் சக்கரக் கதிரை ஒன்று கிடைத்த பிறகுதான் தானாகக் கடைக்குப் போகத் தொடங்கினாள்.

போன மாதம் அவளுக்குக் கலியாண எழுத்து, பதிவுத் திருமணம். மாப்பிள்ளை பூவரசங்குளத்துப் பிரசாந்தன், தச்சுவேலை செய்பவர். பதிவாளர் கந்தோர் ஐந்து கிலோமீற்றர் தூரம் என்று மாமா வான் பிடித்தார். இவள் ஏறமாட்டேன் என்றுவிட்டாள்.

"என்ர கலியாணத்துக்கும் என்னை மூட்டை மாதிரித் தூக்கிக்கொண்டு போகப்போறியளே? நான் என்ர கதிரையில வருவன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நடுரோட்டில் நின்றுபோனால் என்ன செய்வாய் என்று கத்தினேன். பற்றரியில் இருபது அம்பியர் மணி கொள்ளும் என்று எழுதியிருக்கிறதே என்று மாமா அவளுக்குப் பரிந்து பேசினார். அது புதிதில் எழுதியது, இப்போது அதை நம்பேலாது என்றாள் அவள்.

மின்சாரம் அளக்கும் மீற்றர் ஒன்றை இரவல் வாங்கினாள். இரண்டு அம்பியர் இழுக்கும் லொறி பல்ப் ஒன்றைப் பற்றரியில் கொழுவி, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்தாள். ஆறு மணித்தியாலம். அப்படியென்றால் உள்ளே இருப்பது பன்னிரண்டு அம்பியர் மணிதான். திரும்ப நிரப்பும்போது பதினைந்து உள்ளே போனது. ஐந்தில் ஒரு பங்கு சூடாகிப் போய்விடுகிறதாம். பச்சை லைட் எரிந்தால் நிரம்பிவிட்டது என்று நம்புகிற எனக்கு அவளுடைய பொறுமை ஆச்சரியமாக இருந்தது. பிறகு கிரவல் ரோட்டில் ஓடிப் பார்த்து, கிலோமீற்றருக்கு இரண்டு செலவாகும் என்றும் கண்டுபிடித்தாள்.

போகப் பத்து வேண்டும். அப்ப திரும்பி வாறது எப்படி என்று கேட்டேன். அதைப் பிறகு பார்ப்போம் என்று சிரித்தாள்.

எழுத்தன்று சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, திட்டித் திட்டி அவளுக்குப் பின்னால் நடந்தேன். வாய்க்கால் ஏற்றத்தில் கதிரை முனகியபோது தள்ளக் கையை நீட்டினேன். அவள் வேகத்தைக் குறைத்தாள், நிற்கவில்லை. கந்தோர் வாசலில் போய்த்தான் நிறுத்தினாள்.

கையெழுத்து வைத்ததும் மாமா வானைக் கூப்பிடப் போனார். சிவரூபி தடுத்தாள். குனிந்து மோட்டாரைச் சக்கரத்திலிருந்து விடுவித்துவிட்டு, பிரசாந்தனை நிமிர்ந்து பார்த்தாள்.

"வாறதுக்கு மட்டுந்தான் சார்ஜ் இருந்தது. வீட்டை போக நீங்கள்தான் தள்ளவேணும்."