கோவளத்தில் மூன்று ஹார்னஸ்

வியாழன், காலை 6.40. திருநெல்வேலி ஜங்ஷனில் என் கணவர் பையைப் பிடுங்கிக்கொண்டு எனக்கு முன்னால் ரயிலில் ஏறி, இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினார். ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிப் பதினான்கு மாதம் ஆகிறது. இடுப்பில் ஜவ்வு விலகி ஆபரேஷன் ஆனது. இப்போது நடக்கிறேன், நீந்துகிறேன். ஆனால் பன்னிரண்டு வருடம் ஸ்கூபா டைவிங் செய்தவளுக்கு, முதுகில் சிலிண்டர் கட்டத் தடை. "தண்ணிக்கு வெளியே முதுகில் எடை ஏறக் கூடாது. இடுப்பைத் திருகக் கூடாது. இது ரெண்டும் இல்லாம முடியும்னா போங்க" என்றார் டாக்டர். முடியும் என்று காட்டத்தான் கிளம்பினேன்.

சைடுமவுண்ட் என்று ஒரு முறை இருக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, இரண்டு சிலிண்டர்களை விலாவுக்கு ஒன்றாக மாட்டிக்கொள்வது. அதற்கு உடம்பில் கட்டும் வார்களுக்கு ஹார்னஸ் என்று பெயர். கோவளத்தில் ஷிபு என்ற மலையாளிப் பயிற்சியாளரிடம் மூன்று வகை இருந்தன. மூன்றையும் போட்டுப் பார்த்து ஒன்றை வாங்குவது; ஒன்றும் சரிப்படவில்லையென்றால் பழைய சாமான்களை விற்றுக் கடலைத் தலைமுழுகுவது. இப்படி ஒரு முடிவோடுதான் வந்தேன்.

காலை 11 மணி. ஸ்டேஷனிலிருந்து கரமனைக்கு ஆட்டோ 90 ரூபாய். கல்லூரித் தோழி விசாலம் வாசலிலேயே நின்றிருந்தாள். "ஆபரேஷன் ஆன முதுகை வெச்சுண்டு கடல்ல சாடறியே, பேடி இல்லையாடீ நோக்கு?" என்றாள். பயம் இருக்கிறது என்றேன். மாலை இருவரும் ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் போனோம். மூன்றாவது ஹார்னஸுக்கு மூன்று மீட்டர் எலாஸ்டிக் கயிறு வாங்கி வரச் சொல்லியிருந்தார் ஷிபு. கயிற்றுக் கடைக்காரர் சுருளாகத்தான் தருவேன், வெட்ட மாட்டேன் என்றார். என் ஊரைக் கேட்டதும், "திருநவேலியா? அதச் சொல்லப்படாதா" என்று கத்திரியை எடுத்தார். 210 ரூபாய்.

வெள்ளி, காலை 7 மணி. கோவளம் சுமார் 13 கிலோமீட்டர்; ஆட்டோ 380. ஓட்டுநர் தென்காசிப் பக்கத்துக்காரர்.

"கடலுக்குள்ள என்னத்தக்கா பாக்கப் போறீய?"

"மீன்."

"அதுக்கு எதுக்கு அம்புட்டு தூரம்? சாலைச் சந்தையில கரையிலயே கெடக்குல்லா!"

8.30. முதல் ஹார்னஸ் வெளிநாட்டுச் சரக்கு. தண்ணீரில் மிதக்கவைக்கும் காற்றுப்பையும் மெத்தை வைத்த வார்களும் ஒன்றாகத் தைத்தது. சுங்க வரியோடு 82,000 ரூபாய். போட்டதும் சோபாவில் சாய்ந்த சுகம். ஆனால் சிலிண்டரின் அடிக் கொக்கியை மாட்டும் கம்பி பின்பக்கம், பிட்டத்துக்கு மேல் இருந்தது. கை அங்கே எட்ட வேண்டுமானால் இடுப்பைத் திருகியாக வேண்டும். இரண்டு முறை முயன்றேன். மூன்றாவது முறை முதுகில் சுரீர் என்றது. அங்கேயே நின்றுவிட்டேன். பயம்தான், வேறென்ன. நோட்டில் "வேண்டாம்" என்று எழுதினேன்.

11 மணி. இரண்டாவது ஹார்னஸ் 46,000 ரூபாய். மெத்தை கிடையாது, நாலு வார், முதுகில் சின்னக் காற்றுப்பை. கொக்கி மாட்டும் வளையங்கள் இடுப்புப் பட்டையில் முன்பக்கமாக நகரக்கூடியவை. திருகாமல் இரண்டு சிலிண்டரையும் நானே மாட்டினேன். ஒன்பது மீட்டர் ஆழம் போனோம். பாறையடியில் ஒரு மூரை மீன் என்னைச் சட்டை செய்யாமல் பாசி மேய்ந்துகொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இருபது நிமிடம்தான். அப்புறம் உடம்பு இடது பக்கமாகச் சாயத் தொடங்கியது. நிமிர்த்தினேன், மறுபடி சாய்ந்தது. ஷிபு காற்றளவு காட்டும் கேஜைப் பார்க்கச் சொல்லிச் சைகை காட்டினார். பார்த்தேன், காற்று நிறைய இருந்தது, சரி என்று விரலைக் காட்டினேன். இன்னும் சாய்ந்தேன்.

கரைக்கு வந்ததும் அவர்மேல் பாய்ந்தேன். "உங்க வாரு கோணலா தச்சிருக்கு. நாப்பத்தாறாயிரம் ரூபாய்க்கு இதையா விக்கிறீங்க?" நோட்டில் இரண்டாவது "வேண்டாம்" விழுந்தது.

ஷிபு சிலிண்டர்களை மணலில் படுக்கவைத்தார். "தேஷ்யப்படண்டா சேச்சி. கோபம் அப்புறம். ஆதியம் ரெண்டு கேஜையும் பாருங்க."

வலது சிலிண்டரில் தொண்ணூறு. இடதில் இருநூறு, வைத்தது வைத்தபடி.

இரண்டு சிலிண்டரிலும் மாற்றி மாற்றி மூச்சு இழுக்க வேண்டும் என்று காலையில்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். நான் பன்னிரண்டு வருடம் ஒற்றைச் சிலிண்டரில் பழகியவள். ஒரே ரெகுலேட்டரில் மூச்சிழுத்து, ஒரே கேஜைப் பார்த்து, காலியான வலது பக்கம் மிதக்க, கனமான இடது பக்கம் அமிழ்ந்திருக்கிறேன். சைகை காட்டியபோதும் வலது கேஜைத்தான் பார்த்திருக்கிறேன். ஷிபுவிடம் மன்னிப்புக் கேட்டேன். "எல்லாரும் செய்யறதாக்கும்" என்றார்.

மாலை விசாலத்திடம் சொன்னபோது சிரித்து மாளவில்லை அவளுக்கு. "ஆடத் தெரியாதவோ கூடம் கோணல்னாளாம். அது நீதானாடீ!" வாங்கிக்கட்டிக்கொண்டேன். உண்மையில் எனக்கு உறுத்தியது வேறு. தண்ணீரில் சாய்ந்தபோது, ஹார்னஸைத் திட்டுவதற்கு முன்னால் நான் திட்டியது என் முதுகை.

சனி, காலை 7.30. மதியம் ரயில், ஒரு டைவுக்குத்தான் நேரம். மூன்றாவது ஹார்னஸ் ஷிபு தானே வெட்டித் தைத்தது, பழைய காற்றுப்பையோடு 24,500. ஆரியசாலைக் கயிறு அதில் கச்சிதமாகப் பொருந்தியது. ஆழமில்லாத இடத்தில் போட்டு மிதந்தேன். காற்றுப்பை தோளுக்கு ஏறிக்கொண்டு கால்கள் தொங்கின. ஷிபு முகம் வாடியது. "ஒரு மணிக்கூர் தாங்க, சரியாக்கித் தரேன்." விலை ஆசை காட்டத்தான் செய்தது. எதை வாங்கினாலும் இரண்டாவது சிலிண்டரின் ரெகுலேட்டருக்கு முப்பதாயிரம் தனியாக வேண்டும். இருந்தாலும் கழற்றிவிட்டேன். இருக்கிற ஒரே டைவ், நான் பழி போட்ட இரண்டாவது ஹார்னஸுக்குத்தான்.

8.15. கேஜில் முப்பது குறைந்ததும் வலதிலிருந்து இடதுக்கு மாறினேன். அறுபது குறைந்ததும் இடதிலிருந்து வலதுக்கு. காலியாகக் காலியாகச் சிலிண்டர்களின் அடிப்பக்கம் மேலே எழும்பும். கட்டைவிரலால் வளையத்தை முன்னுக்குத் தள்ளினேன், இறங்கிவிட்டது. நாற்பத்தோரு நிமிடம், பலகை மாதிரி நேராக இருந்தேன். முதுகு என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லை.

இடுப்பளவு தண்ணீரில் எழுந்து நின்று, இடது சிலிண்டரைக் கழற்றி ஷிபுவிடம் கொடுத்தேன், பிறகு வலது. வெறும் வார்களோடு மணலில் ஏறி நடந்தேன். அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. 46,000 ரூபாயை அங்கேயே போனில் அனுப்பினேன். ஆரியசாலைக் கயிற்றையும் அவிழ்த்துச் சேர்த்துக் கொடுத்தார் ஷிபு.

இரவு 7 மணி, திருநெல்வேலி. கோவளத்தில் கரையிறங்கினால் கடல்; எங்கள் ஊரில் முங்குவதற்கு ஆறுதான் உண்டு. இனி மாதம் ஒருமுறை இந்த ரயில் என்று வரும் வழியிலேயே முடிவு செய்திருந்தேன். கணவர் பிளாட்பாரத்தில் கையை நீட்டிக்கொண்டு வந்தார். ஹார்னஸை இரண்டு பையாகப் பிரித்து, கைக்கு இரண்டு கிலோவாகப் பிடித்திருந்தேன்.

"குடு, ஒண்ணையாவது நான் தூக்குதேன்."

"ஒண்ண மட்டும் வாங்காதீய, சாஞ்சிருவேன்" என்று சொல்லிவிட்டு அவருக்கு முன்னால் நடந்தேன்.