சுண்ணாம்புக்குள் ஆறு பெயர்கள்

மரியபுஷ்பத்துக்கு ஆறு வயதானபோது அவள் அம்மா சூசையம்மாள் அவளைச் சேலத்துக் கன்னியர் மடத்து வாசலில் உட்கார வைத்து, சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வரவில்லை. எவனுடனோ கோலாருக்கு ஓடிவிட்டாள் என்று அம்மாபேட்டையில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சோடுதான் புஷ்பம் வளர்ந்தாள். கல்யாணத்துக்குக் கோவிலில் ஓலை வாசிக்கும் சமயத்தில் பங்குச் சாமியார் தாயின் பெயரைக் கேட்டபோது, தனக்குத் தாயே இல்லை என்று சொல்லிவிட்டாள்.

புருஷன் சின்னப்பராஜ் பெயிண்டர். அவன் பூசுவதற்கு முன் சுவரைத் தயார் செய்வது இவள் வேலை. உள்ளங்கையைச் சுவரில் வைத்து ஒரு தேய்ப்பு. கை வெள்ளையானால் சுரண்டாமல் விடமாட்டாள்.

அறுபத்திரண்டாம் வருஷம் நாமகிரிப்பேட்டை வேலுசாமி, அம்மாபேட்டைக்குக் கிழக்கே பூட்டிக் கிடந்த ஒரு பழைய கொட்டகையை வாங்கி லாரி ஷெட் ஆக்கினார். உள்ளே பச்சை பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றார். சுவரெல்லாம் மாவாக உதிரும் சுண்ணாம்பு. அப்படியே பூசிவிடலாமே என்று அவர் அவசரப்படுத்தினார். ஆறு மாசத்தில் அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து விழும் என்று புஷ்பம் மறுத்துவிட்டாள். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, இரும்புத் தகட்டால் சுரண்டி, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினாள். ஒரு கொட்டகைக்கு ஏன் இத்தனை பூச்சு என்று அவளுக்கு விளங்கவில்லை.

மூன்றாம் நாள் வடக்குச் சுவரில், முழங்கால் உயரத்தில், எழுத்துகள் தெரிந்தன. யாரோ ஆணியால் கீறியிருந்தார்கள். கீறலுக்குள் சுண்ணாம்பு தங்கிவிட்டதால், கழுவிய சாம்பல் நிறச் சுவரில் அவை வெள்ளையாக நின்றன. வரிசையாக ஆறு பெயர்கள். நான்காவது, 'சூசையம்மாள், அம்மாபேட்டை'. பக்கத்தில் ஒரு சிலுவை.

வேறு யாரோ சூசையம்மாள் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனாலும் கை நகரவில்லை. காவல்காரர் கருப்பண்ணன் தண்ணீர்க் குடத்தோடு வந்தவர், சுவரைப் பார்த்ததும் குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"இது காலரா கொட்டாயிங்க, சீக்கு வந்தவங்கள ஒதுக்கி வெச்ச எடம். நாப்பத்தி மூணுல நான்தான் இங்க தண்ணி ஊத்துனேன். செத்தவங்க பேரைக் கீறி வெச்சதும் நான்தானுங்க. அப்பறம் கிருமி சாவட்டும்னு வருசா வருசம் சுண்ணாம்பு அடிச்சாங்க."

புஷ்பம் நான்காவது பெயரில் விரலை வைத்தாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அந்தம்மா கூட யாராவது ஆம்பளை வந்தாங்களா?"

"ஒருத்தருமில்லீங்க. வாந்தி ஆரம்பிச்சதும் புள்ளைய மடத்துல உட்டுப்போட்டுத் தானா நடந்து வந்துச்சு. யாருக்கும் சொல்லிப்போடாதீங்க, தெரிஞ்சா எம்புள்ள ஓடியாந்துரும், அதுக்கும் ஒட்டிக்கும்னு அழுதுச்சு. மூணாம் நாளு போயிருச்சுங்க."

அந்தப் பிள்ளை யாரென்று அவருக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை. கையிலிருந்த தகடு உள்ளங்கையைக் கிழித்திருந்தது. இரத்தம் சொட்டியதைச் சின்னப்பராஜ் வந்து பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. பத்தொன்பது வருஷம் எத்தனை சாபம் விட்டிருப்பாள்! ஒரு செபமாவது சொன்னதுண்டா?

அவர்களைப் புதைத்த இடமென்று கருப்பண்ணன் காட்டியது, கொட்டகைக்குப் பின்னால் லாரி திரும்பும் தரை. விஷயம் கேள்விப்பட்ட வேலுசாமிக்கு முகம் வெளிறிவிட்டது. இந்தக் கதை தெரியாமலே இடத்தை வாங்கியிருந்தார். டிரைவர்கள் காதில் விழுவதற்குள் சுவரை மூடிவிடச் சொன்னார்.

"மூடிக்கலாங்க. ஆறு பேரையும் எழுதிக்கிறேன். பின்னால லாரி ஏறாம மட்டும் பாத்துக்குங்க" என்றாள் புஷ்பம்.

அவர் மறுநாளே கல் நட்டுக் கம்பி கட்டினார். பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டு, அந்த இடத்தையும் அவளே சுரண்டிக் கழுவினாள். இரண்டு நாள் காயவிட்டார்கள். சின்னப்பராஜ் பச்சை பூசினான்.

அதன்பின் வேலையில்லாத நாட்களில் புஷ்பம் தாளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். மூன்று குடும்பங்களை அம்மாபேட்டையிலேயே கண்டுபிடித்தாள். ஒன்று கடைசிவரை கிடைக்கவேயில்லை. பள்ளிபாளையத்தில் ஆராயி என்ற நெசவுக்காரி, தன் தம்பி அங்கமுத்து கோபித்துக்கொண்டு ஊரை விட்டுப் போய்விட்டான் என்றே நம்பியிருந்தாள். அவன் பெண்டாட்டியின் வாய்தான் அவனை விரட்டியது என்று, அடுத்த வீட்டில் இருந்தும் அவளிடம் இத்தனை வருஷம் பேசவில்லை. புஷ்பம் தாளிலிருந்த அவன் பெயரைப் படித்துக் காட்டி, நடந்ததைச் சொன்னாள். ஆராயி தறியை விட்டு எழுந்தாள். நேரே அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.