ஐந்து எம்பிக்குள் ஒரு காளை

படம் மெயிலில் ஏறாமல் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். ஏரியூரில் ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்திருக்கிறேன். படத்தைச் சின்னதாக்கி அனுப்புவதுதான் பாதிப் பிழைப்பு.

எடை

மாதம்மாள் அக்காவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. இனி செவலைக் காளையைப் பிடித்துக் கட்ட முடியாது. அடிமாட்டுத் தரகர் வாசலிலேயே நிற்க, ஏர் ஓட்டுகிற வீட்டுக்குத்தான் கொடுப்பேன் என்று பிடிவாதமாக இருந்தார். கொள்ளேகால் பக்கத்து விவசாயி ஒருவர், செல்போனில் வந்த படம் மங்கலாக இருக்கிறது, மெயிலில் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்.

"படம் ரொம்ப வெயிட்டா இருக்குதுங்க அக்கா, அஞ்சு எம்பிக்குள்ள கொறைச்சாத்தான் போகும்" என்றேன். அக்காவின் முகம் சுருங்கிவிட்டது.

"தவுடும் புண்ணாக்கும் போட்டு ஏத்துன ஒடம்புங்க தம்பி, கொறைச்சுப்புடாதீங்க!"

நெற்றி

படம் குறைந்தாலும் காளை இளைக்காது என்று திரையில் காட்டிய பிறகே சம்மதித்தார். அடுத்த சிக்கல், செவலையின் நெற்றியில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சுழி. குடைமேல் குடை என்பார்கள். வாங்குகிற வீட்டுக்கு ஆகாது என்று உள்ளூரில் ஒருவரும் கேட்கவில்லை. பக்கவாட்டுப் படத்தை மட்டும் அனுப்பலாம், நெற்றியை வெட்டிவிடலாம் என்று யோசனை சொன்னேன்.

அக்கா பார்த்த பார்வையில் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். சுழி பளிச்சென்று தெரிகிற படத்தையே முதலில் வைக்கச் சொன்னார். இந்த ஆளும் கைவிட்டால் தரகர்தான் கதி என்று தெரிந்தே சொன்னார். அன்று அவர்மேல் வந்த மரியாதை எனக்கு இன்னும் குறையவில்லை.

"அங்க போன பொறவு பாத்துட்டு அடிமாட்டுக்குத் தள்ளிவுட்டா, அது யாரு பாவம்ங்க?"

தலைப்பாகை

பதிலே வரவில்லை. சந்தைக்கு வரும்போதெல்லாம் அக்கா கடைக்குள் எட்டிப் பார்ப்பார். நான் உதட்டைப் பிதுக்குவேன். ஒருநாள் மெயிலுக்குப் பதிலாக அந்த விவசாயியே வண்டியோடு வந்து இறங்கினார். நானே அக்கா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

வந்தவர் செவலையின் நெற்றியைத் தடவிக்கொண்டே நின்றார். அவர் மெல்லத் தலைப்பாகையை அவிழ்த்து, குனிந்து உச்சந்தலையைக் காட்டினார்.

"எனக்கும் ரெட்டைச் சுழிங்க அக்கா. என்னையே எங்க வூட்ல வெச்சுக் காலந்தள்றாங்க, இதுக்கு எடமில்லாமப் போயிருமா?"

இப்போதெல்லாம் யாராவது வந்து படத்தில் ஓரத்தை வெட்டச் சொன்னால், முதலில் வந்தவரின் உச்சந்தலையை ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறேன்.