பரமசிவம் அண்ணனின் இரண்டு நிமிடம்

புதன்கிழமை காலை பத்து ஐம்பதுக்குச் செய்தி வந்தது. சனிக்கிழமைக் கூட்டத்துக்கு எத்தனை இலை என்று ஓட்டல்காரரிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் பரமசிவம் அண்ணனின் மனைவி பொற்கொடி அக்கா இரண்டு முறை அழைத்திருந்தார். திருப்பிக் கூப்பிட்டேன்.

"உங்க அண்ணன் போயிட்டாரும்மா."

மாரடைப்பு. வயது அறுபத்தொன்று. நாற்பத்திரண்டு இலை என்று சொல்லியிருந்ததை நான் குறைக்கவில்லை.

பரமசிவம் அண்ணனுக்கு விருதுநகர் பக்கம். முப்பது வருடம் ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளியிலிருந்து வரும் சரக்கை அளந்து பார்த்து உள்ளே விடுவதுதான் வேலை. குடியிருந்தது மத்திகிரியில், வாடகை வீட்டில்.

எங்கள் நகர நலச் சங்கம் மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் கூடும். யாராவது வந்து ஊக்கமாகப் பேசுவார்கள், பிறகு சாப்பாடு. நான் செயலாளர். நாங்களெல்லாம் கைதட்டிவிட்டு இலைக்குப் போய்விடுவோம். அண்ணன் மட்டும் பேச்சாளர் சொன்னதில் ஒன்றை எடுத்து முப்பது நாள் செய்து பார்ப்பார். அடுத்த கூட்டம் தொடங்கும்போது எழுந்து, இரண்டு நிமிடத்தில் முடிவைச் சொல்வார். தொழிற்சாலையில் சரக்குக்குச் சொன்ன அதே மூன்று தீர்ப்புகள்தான்: சரியாக இருந்தால் அக்செப்ட், திருத்தினால் தேறும் என்றால் ரீவொர்க், தேறாது என்றால் ரிஜெக்ட்.

தொடர்பு விட்டுப்போனவர்களுக்குக் கடிதம் எழுதச் சொன்னது அக்செப்ட் ஆனது. ஆறு எழுதினார், நான்கு பதில் வந்தன. கண்ணாடி முன் நின்று தன்னைத்தானே பாராட்டிக்கொள்ளச் சொன்னது ரிஜெக்ட். "மூணாம் நாளே வீட்டுக்காரி, டாக்டர்ட்ட போவமாங்கிறா."

தலைவர் கோவிந்தப்பனுக்கு இது பிடிக்கவில்லை. "ஏம்ப்பா, நம்மள நம்பிப் பேச வர்றவங்கள நட்டு போல்ட்டு மாதிரி அளக்கறயே?"

"அளக்காம எப்பிடிண்ணே உள்ள விடுறது?"

பெங்களூரிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒருவர், அதிகாலை நான்கு மணிக்கு எழுபவனே முன்னேறுவான் என்று பேசிவிட்டுப் போயிருந்தார். அண்ணன் அதை ரிஜெக்ட் செய்த வீடியோ எப்படியோ அவருக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த கூட்டத்துக்குத் தாமே வருவதாக அவர் போன் செய்ததும் தலைவர் பதறிப்போனார். அந்த இரண்டு நிமிடத்தையே நிறுத்திவிடும்படி என்னிடம் சொல்லி அனுப்பினார்.

அண்ணன் கோபப்படவில்லை. "அத எடுத்துட்டா நான் எதுக்கு மேடம் வரணும்? சோறு வீட்லயே இருக்கு."

ஆனாலும் அன்றைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பயிற்சியாளர் மைக்கைப் பிடித்ததும், "என்னை ரிஜெக்ட் பண்ணது யாருங்க?" என்றார். அண்ணன் எழுந்து நின்றார்.

"பன்னெண்டு வருசமா பேசறேன் சார். செஞ்சு பாத்தேன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். எங்க தப்பு, சொல்லுங்க" என்றார் பயிற்சியாளர்.

"தப்புன்னு இல்ல சார். நாலு மணிக்கு எந்திரிங்கிறீங்க. எங்க தெருவுல பாதிப் பேரு அந்நேரம் நைட் ஷிப்டுல மெசினு முன்னாடி நிக்கான். அவன எங்கிட்டிருந்து எழுப்புறது?"

முதலில் சிரித்தவர் கோவிந்தப்பன்தான். "சரிப்பா, வச்சுக்க உன் ரெண்டு நிமிசத்த. மூணாச்சுன்னா மைக்கப் புடுங்கிருவேன்." பயிற்சியாளர் ஒரு தாளை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். அதன்பிறகு, பேசிவிட்டுப் போன பேச்சாளர்கள் மறுமாதம் என்னைக் கூப்பிட்டு, "நான் பாஸா, பெயிலா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

போன மாதம் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு பெண் மருத்துவர் வந்திருந்தார். உங்கள் தெருவில் பத்து வீட்டு ஆட்களையாவது பெயர் சொல்லித் தெரிந்துகொள்ளுங்கள் என்றார். அண்ணன் இருந்தது முழுக்க வாடகைக்காரர்கள் தெரு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை முகங்கள் மாறும். புதன்கிழமை மாலை நான் போனபோது, பந்தல் கட்டியது, நாற்காலி இறக்கியது, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தது எல்லாம் அந்தத் தெருக்காரர்களே. அவர்களில் இரண்டு பேருக்குத் தமிழ் வராது. "சிவம் அங்கிள்" என்று மட்டும் சொன்னார்கள்.

அந்த மாதச் சோதனையை அண்ணன் எழுதிவைத்திருந்த நோட்டைப் பொற்கொடி அக்கா என் கையில் கொடுத்தார். "சனிக்கிழமை நீயே வாசிச்சிரும்மா. ரெண்டு நிமிசம் உண்டுல்ல?"

உண்டு என்றேன். பக்கத்தில் நின்ற கோவிந்தப்பனும் தலையசைத்தார்.

ஒன்பது வீடுகளின் ஆட்கள், குழந்தைகள் உட்பட, பெயரும் ஊருமாக எழுதப்பட்டிருக்கிறார்கள். பத்தாவதில், "பச்சைக் கதவு. மூன்று முறை போனேன், பூட்டியிருந்தது" என்று இருக்கிறது. பெயருக்கு விட்ட இடம் காலியாக இருக்கிறது.